2^127 − 1 பகா எண் என்று 1876இல் கையாலேயே எப்படி நிரூபித்தார்கள்?

நிரல்வாசி:

வணக்கம் நண்பர்களே. 128 பிட் குறியுள்ள முழு எண்ணில் அடங்கக்கூடிய மிகப்பெரிய மதிப்பு 170141183460469231731687303715884105727, அதாவது 2^127 − 1. மொத்தம் 39 இலக்கம். நிரல் எழுதுகிறவன் என்பதால் இந்த எண் அடிக்கடி கண்ணில் படும், ஆனால் இது பகா எண் என்பது இப்போதுதான் தெரிய வந்தது. அதைவிட ஆச்சரியம், எதுவார் லூகாஸ் என்கிற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதை 1876இலேயே நிரூபித்துவிட்டாராம்.

பள்ளியில் படித்த வழி என்றால் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். இந்த எண்ணுக்கு வர்க்கமூலமே ஏறக்குறைய 1.3 × 10^19 வருகிறது. எத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் முடிகிற காரியம் இல்லை. அப்படியானால் அவர் உண்மையில் என்னதான் செய்தார்?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி ந என்பது ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2^(ந−1) ஐ ந ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். பைத்தானில் போட்டுப் பார்த்தேன், 1 தான் வருகிறது. இதையே நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளலாமா? சூத்திரத்தை மட்டும் கொடுக்காமல் அது ஏன் வேலை செய்கிறது என்றும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


மீதிகணக்கு:

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். இந்த வகை எண்களுக்கு 2 ஐ வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனை எதையுமே சொல்லாது. 2047 ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அது 2^11 − 1. 2^11 ஐ 2047 ஆல் வகுத்தால் மீதி 1. 2046 என்பது 11 × 186. ஆகவே 2^2046 க்கும் மீதி 1 தான். சோதனையில் தேறிவிட்டது. ஆனால் 2047 = 23 × 89, பச்சையான பகு எண். அடுக்கு ப பகா எண்ணாக இருந்தால் 2^ப − 1 எப்போதுமே இந்தச் சோதனையில் தேறிவிடும், அது பகா எண்ணோ இல்லையோ. 3 ஐ அடியாக வைத்தால் சோதனை ஓரளவு அர்த்தமுள்ளதாகும். அப்போதும் கிடைப்பது “அநேகமாகப் பகா எண்” என்ற அளவுதான், நிரூபணம் கிடையாது.

இப்போது வகுத்துப் பார்க்கும் வழிக்கு வருவோம். எல்லாப் பகா எண்களாலும் வகுக்கத் தேவையில்லை. 2^ப − 1 ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்றால், அது 2 × ம × ப + 1 என்ற வடிவத்தில்தான் இருக்க முடியும் (ம ஏதோ ஒரு முழு எண்), அதோடு 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். மேலே பார்த்த 23 = 2 × 11 + 1, 89 = 8 × 11 + 1, இரண்டும் இந்த வடிவம்தான். ஆய்லர் 1772இல் 2^31 − 1, அதாவது 2147483647, பகா எண் என்று காட்டியது இதை வைத்துத்தான். அதன் வர்க்கமூலம் 46341 க்குக் கொஞ்சம் கீழே. காரணியாக வரக்கூடியவை 248 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வருகிற எண்கள் மட்டுமே. அப்படிப்பட்டவை 370 சொச்சம்தான் இருக்கின்றன, அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம். ஒரு மனிதர் உட்கார்ந்து செய்துவிடக்கூடிய வேலை.

இதே சல்லடையை 127 க்குப் போட்டால் மீதி 1 அல்லது 255, வகு எண் 1016. சல்லடையில் தேறுகிறவை சுமார் 2.6 × 10^16. நொடிக்கு ஒன்று வகுத்தாலும் 80 கோடி ஆண்டுகள் ஆகும். ஆக, லூகாஸ் வகுத்துப் பார்க்கவே இல்லை. காரணியைத் தேடுவதை அடியோடு விட்டுவிட்டார். இந்த விஷயத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அவர் வழியின் செப்பனிட்ட வடிவம் இது, இன்று லூகாஸ்–லெமர் சோதனை என்கிறோம். 4 இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 ஐக் கழியுங்கள். 2^ப − 1 ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதையே மொத்தம் ப − 2 முறை செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வேறு எது வந்தாலும் பகு எண். (ப ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும்.)

சிறிய உதாரணம், ப = 7, எண் 127. தொடக்கம் 4. அடுத்தது 14. அடுத்தது 14² − 2 = 194, மீதி 67. அடுத்தது 67² − 2 = 4487, மீதி 42. அடுத்தது 42² − 2 = 1762, மீதி 111. அடுத்தது 111² − 2 = 12319, இது சரியாக 127 × 97, மீதி 0. ஐந்தே படிகள், 127 பகா எண்.

2047 க்கு இதையே செய்தால் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று போய் ஒன்பதாவது படியில் 1736 இல் நிற்கும். 0 இல்லை, ஆகவே பகு எண். கவனியுங்கள், 23 ஐயும் 89 ஐயும் பற்றி இந்தக் கணக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உடைகிற எண் என்று சொல்லும், எங்கே உடையும் என்று சொல்லாது.

2^127 − 1 க்கு 125 படிகள். 80 கோடி ஆண்டுகள் எங்கே, 125 பெருக்கல் எங்கே!


இருமம்:

மீதிகணக்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 125 பெருக்கல் என்று கேட்கும்போது எளிதாகத் தெரிகிறது, ஆனால் ஒவ்வொன்றும் 39 இலக்க எண்ணின் வர்க்கம், 77 இலக்கம் வரை வரும், அதைத் திரும்ப 39 இலக்க எண்ணால் வகுக்கணும். பத்தடிமான எண்களில் செய்தால் உயிர் போய்விடும். இரும எண்களில் செய்தால் வகுத்தல் என்ற வேலையே கிடையாது.

ஏன் என்றால், 2^127 ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. ஆகவே 127 பிட்டுக்கு மேலே வழிகிற பகுதியை அப்படியே வெட்டி எடுத்துக் கீழ்ப் பகுதியோடு கூட்டினால் போதும். மேலே உள்ள சிறு உதாரணத்திலேயே பாருங்கள். 4487 ஐ 128 ஆல் பிரித்தால் 35 முழுசு, மிச்சம் 7. 35 + 7 = 42. அதே விடை. 1762 என்றால் 13 முழுசு, மிச்சம் 98, கூட்டினால் 111. கடைசிப் படி 12319, 96 முழுசு, மிச்சம் 31, கூட்டினால் 127, அதாவது 0. ஒரு வேட்டியை மடிப்பது மாதிரி எண்ணை மடித்துவிடலாம்.

லூகாஸ் இதை ஒரு பலகை விளையாட்டாகவே அமைத்தார். 127 வரிசை, 127 நிரல், சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்கள். கட்டத்தில் காய் இருந்தால் 1, காலியாக இருந்தால் 0. ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்க, அதில் 1 உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் அந்த எண்ணை அத்தனை கட்டம் இடப்பக்கம் தள்ளி ஒரு வரிசையில் வைக்க வேண்டும். இடது ஓரத்தில் வெளியே போகிற காய் வலது ஓரத்தில் வந்து உட்காரும், மேலே சொன்ன மடிப்பு அதுதான். எல்லா வரிசையும் வைத்த பிறகு கூட்டல். ஒரே நிரலில் இரண்டு காய் இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அடுத்த இடப்பக்க நிரலில் ஒரு காய் வைக்கணும். முடிவில் ஒரே ஒரு வரிசை மிஞ்சும், அதிலிருந்து 2 ஐக் கழித்தால் ஒரு படி முடிந்தது. பலகையில் 16129 கட்டங்கள், 125 படிகள் என்றால் மொத்தம் 20 லட்சம் கட்டங்களைக் கடக்கணும். கடினமான வேலைதான், ஆனால் பொறுமையுள்ள மனிதரால் முடியாத வேலை இல்லை. இதே லூகாஸ்தான் 1883இல் ஹனோய் கோபுரப் புதிரை வெளியிட்டவர் என்று தெரிந்தால், பலகையும் காயும் அவருக்கு ஏன் தோன்றியது என்று புரியும்.

இன்றைக்கும் கணினி நிரல்களில் இந்த மடிப்பு பயன்படுகிறது. 64 பிட் பைத்தானில் எண்களுக்கான ஹேஷ் மதிப்பு (தரவை வேகமாகத் தேட உதவும் சுருக்க எண்) 2^61 − 1 என்ற பகா எண்ணை வைத்துக் கணக்கிடப்படுகிறது, காரணம் இந்த மடிப்பின் வேகம்தான்.


நிரல்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. உட்கார்ந்து நிரல் எழுதிப் பார்த்தேன், நான்கே வரி, 127 க்குக் கண் இமைப்பதற்குள் 0 வந்துவிட்டது. 67 க்குப் போட்டால் 0 வரவில்லை.

ஆனால் இன்னமும் உறுத்துகிறது. 4 இல் தொடங்கி வர்க்கப்படுத்தி 2 ஐக் கழித்தால் பகா எண்ணா இல்லையா என்பது ஏன் தெரிய வேண்டும்? அந்த 4 எங்கிருந்து வந்தது? மந்திரம் போட்ட மாதிரி இருக்கிறது.


எண்வளையம்:

மந்திரம் இல்லை நண்பரே, நிரூபணம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பொறுமையாகப் படியுங்கள், இதில் உள்ள ஒரே யோசனை அற்புதமானது.

அ = 2 + √3, ஆ = 2 − √3 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 4. பெருக்கினால் 4 − 3 = 1. உங்கள் 4 வந்தது இங்கேயிருந்துதான். இப்போது அ² + ஆ² என்ன? (அ + ஆ)² இலிருந்து 2 × அ × ஆ வைக் கழிக்கணும், அதாவது 4² − 2 = 14. அடுத்து அ⁴ + ஆ⁴ = 14² − 2 = 194. ஆக, “வர்க்கப்படுத்தி 2 ஐக் கழி” என்பது உண்மையில் அ வின் அடுக்கை இரட்டிப்பாக்குவது, அவ்வளவுதான். ப − 2 படிகளுக்குப் பிறகு கையில் இருப்பது அ, ஆ இரண்டையும் 2^(ப−2) அடுக்குக்கு உயர்த்திக் கூட்டிய தொகை.

அது 0 என்று வந்தால்? இரண்டு பக்கமும் அ வின் அதே அடுக்கால் பெருக்குங்கள். அ × ஆ = 1 என்பதால், அ வை 2^(ப−1) அடுக்குக்கு உயர்த்தினால் −1 என்று கிடைக்கும். அதை இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 1. இதன் பொருள், அ வைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போனால் முதல்முறையாக 1 க்குத் திரும்புவது சரியாக 2^ப ஆவது பெருக்கலில்தான், அதற்கு முன்னால் கிடையாது. (முன்னாலேயே திரும்பியிருந்தால் அந்தச் சுற்றின் நீளம் 2^ப ஐ வகுக்கும் சிறிய இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், அப்போது பாதி வழியில் −1 வந்திருக்காது.)

இப்போது நம் எண் பகு எண் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதன் மிகச்சிறிய பகாக் காரணி க. அப்போது க² நம் எண்ணுக்கு மேல் போகாது, அதாவது க² ≤ 2^ப − 1. எல்லாவற்றையும் க ஆல் வகுத்த மீதியாகப் பாருங்கள். “ஓர் எண் + இன்னோர் எண் × √3” என்ற வடிவில் மொத்தம் க² உறுப்புகள்தான் உண்டு. பூச்சியத்தை விட்டால் க² − 1. அ வின் சுற்று இதற்குள்ளேதான் ஓட வேண்டும், ஆகவே சுற்றின் நீளம் க² − 1 ஐத் தாண்ட முடியாது. ஆனால் நீளம் 2^ப என்று முன்பே கண்டோம், க² − 1 ஓ அதைவிடச் சிறியது. முரண்பாடு. ஆகவே எண் பகா எண். முடிந்தது.

மறுதலை, அதாவது பகா எண்ணாக இருந்தால் கட்டாயம் 0 வரும் என்பதற்கு இருபடி எச்சங்களின் தலைகீழ் விதி தேவைப்படும், அதை இங்கே விரிக்கவில்லை.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வேறு. இந்த நிரூபணம் முழுக்க எதன்மேல் நிற்கிறது? நம் எண்ணோடு 1 ஐக் கூட்டினால் 2^127, வெறும் இரண்டின் அடுக்கு. அண்டை எண்ணின் காரணிகள் எல்லாம் முழுதாகத் தெரிந்திருப்பதால்தான் இந்த எண்ணைப் பற்றி உறுதியாகப் பேச முடிகிறது. இதே அளவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு 39 இலக்கப் பகா எண்ணை எடுங்கள், அந்த அளவில் சுமார் 88 எண்ணுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும், அதாவது ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் 1876இல் அவற்றில் ஒன்றைக்கூட யாராலும் நிரூபித்திருக்க முடியாது. 2^127 − 1 பெரியது என்பதால் புகழ்பெறவில்லை, அதன் அடுத்த வீடு அத்தனை எளிமையாக இருப்பதால் பெற்றது.

லூகாஸ் தொடங்கியது 4 இல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் எடுத்தது 3, 7, 47 என்று போகும் வரிசை, பிபனாச்சி எண்களின் உறவுக்காரர்கள். 4 ஆல் வகுத்தால் மீதி 3 வரும் அடுக்குகளுக்கு அது பொருந்தும், 127 அப்படிப்பட்டதுதான். 7 உம் அப்படித்தான், செய்து பாருங்கள்: 3, 7, 47, பிறகு 48, 16, 0. இதிலிருந்து ஓர் அழகான விளைவும் வருகிறது, பிபனாச்சி வரிசையின் 2^127 ஆவது உறுப்பை நம் 39 இலக்க எண் மீதியில்லாமல் வகுக்கும். எல்லா அடுக்குக்கும் 4 ஐ வைத்தே செய்யலாம் என்று முறையைச் செப்பனிட்டு முழுமையாக்கியவர் லெமர், 1930இல்.


மீதிகணக்கு:

எண்வளையம் எழுதியது பிரமாதம். 67 ஐப் பற்றி நிரல்வாசி சொன்னாரே, அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மெர்சென் என்ற துறவி 1644இல் 257 வரை எந்தெந்த அடுக்குகளுக்கு 2^ப − 1 பகா எண் ஆகும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67 உம் 257 உம் தவறு, 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 127 ஐச் சேர்த்தாரே, அது சரியாக அமைந்தது. அவர் எப்படி முடிவு செய்தார் என்பதற்கு நிரூபணம் எதையும் விட்டுச் செல்லவில்லை.

2^67 − 1 பகு எண் என்று லூகாஸ் அதே 1876இல் காட்டிவிட்டார். ஆனால் காரணிகள்? 27 ஆண்டுகள் கழித்து 1903இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் 193707721 × 761838257287 என்று பெருக்கிக் காட்டியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. சிறிய காரணியை நான் மேலே சொன்ன வடிவத்தில் எழுதிப் பாருங்கள், 134 × 1445580 + 1. சல்லடை போட்டாலும் ம 14 லட்சத்தைத் தாண்டும் வரை தேடணும். உடையும் என்று அறிவது ஒரு வேலை, உடைப்பது முற்றிலும் வேறு வேலை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. இன்றைய ஆர்எஸ்ஏ மறையாக்கம் நிற்பதும் இந்த இடைவெளியில்தான்.

2^127 − 1 மிகப்பெரிய பகா எண் என்ற இடத்தில் 75 ஆண்டுகள் இருந்தது. 1951இல் ஃபெரியர் ஒரு மேசைக் கணக்குப்பொறியை வைத்து (2^148 + 1)/17 என்ற 44 இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு மில்லரும் வீலரும் எட்சாக் கணினியில் 79 இலக்கத்துக்குப் போனார்கள். அவர்கள் எண்ணைப் பாருங்கள்: 180 × (2^127 − 1)² + 1. லூகாஸின் எண்ணை உள்ளே வைத்தே கட்டினார்கள், காரணம் எண்வளையம் சொன்ன அதே அண்டை வீட்டுக் கதைதான், 1 ஐக் கழித்தால் காரணிகள் முழுதாகத் தெரியும். 1952 ஜனவரியில் ராபின்சன் ஸ்வாக் கணினியில் லூகாஸ்–லெமர் சோதனையை ஓட்டி 2^521 − 1, 2^607 − 1 இரண்டையும் ஒரே நாளில் பிடித்தார். அதன்பிறகு கணினியின் ஓட்டம்தான். எந்தப் பொறியின் துணையும் இல்லாமல் கையால் நிரூபிக்கப்பட்டவற்றில் இன்றுவரை 2^127 − 1 தான் மிகப்பெரியது.


இருமம்:

1 ஐக் கழிக்கும் பேச்சு வந்ததால் கேட்கிறேன், இந்த எண்ணின் மறுபக்க அண்டை வீடு எப்படி? 2^127 − 2 இன் காரணிகள் தெரியுமா? தெரிந்தால் அந்தப் பக்கத்திலிருந்தும் நிரூபிக்கலாமே.


எண்வளையம்:

அருமையான கேள்வி. தெரியும், அதுவும் நன்றாகவே உடையும். 2^127 − 2 = 2 × (2^126 − 1), 126 க்கு நிறைய வகுத்திகள் இருப்பதால் 2^126 − 1 துண்டு துண்டாகப் பிரிந்துவிடும்: முதலில் (2^63 − 1) × (2^63 + 1), பிறகு ஒவ்வொன்றும் மேலும். முழுதாக எழுதினால்,

2 × 3³ × 7² × 19 × 43 × 73 × 127 × 337 × 5419 × 92737 × 649657 × 77158673929.

உள்ளே 127 இருப்பதைக் கவனித்தீர்களா? ஃபெர்மாவின் சிறு தேற்றமே அதைக் கட்டாயமாக்குகிறது, 2^127 − 2 ஐ 127 வகுத்தே தீர வேண்டும்.

இதை வைத்து நிரூபிக்கும் வழி (ந என்பது நம் 2^127 − 1): ஏதாவது ஓர் எண்ணை எடுங்கள், அதை ந − 1 அடுக்குக்கு உயர்த்தி ந ஆல் வகுத்தால் மீதி 1 வரணும், ஆனால் மேலே உள்ள பன்னிரண்டு பகா எண்களில் எதனால் ந − 1 ஐ வகுத்து அந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் 1 வரக் கூடாது. அப்படி ஓர் எண் அகப்பட்டால் சுற்றின் நீளம் சரியாக ந − 1, பகா எண்ணுக்கு மட்டுமே அது சாத்தியம். (2 ஐ எடுத்துப் பயனில்லை, அதன் சுற்று வெறும் 127 தான்.) இந்த வழிக்கும் வேர் லூகாஸிடம்தான், இன்றைய வடிவம் லெமருடையது.

ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு, நிரல் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ந − 1 இப்படிச் சிறுசிறு காரணிகளாக உடைகிற பகா எண்ணை டிஃபி–ஹெல்மன் திறவுகோல் பரிமாற்றத்துக்கு (இருவர் வெளிப்படையாகப் பேசியே ஒரு ரகசிய எண்ணை உருவாக்கும் முறை) நேரடியாக வைத்தால் பாதுகாப்பே இருக்காது. போலிக்–ஹெல்மன் முறையில் ஒவ்வொரு காரணிக்கும் தனித்தனியாக விடை கண்டு ஒட்டிவிடலாம். இங்கே மிகப்பெரிய காரணி சுமார் 7716 கோடி, அதன் வர்க்கமூலம் 2.8 லட்சத்துக்குள், அத்தனை படி வேலைதான். ஒரு சாதாரண மடிக்கணினி சட்டென்று முடித்துவிடும்.

இதற்காக இந்த எண்ணை மறையாக்கத்தில் யாரும் தொடுவதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவினர் 2015இல் வெளியிட்ட ஃபோர்க்யூ என்ற நீள்வட்ட வளைகோடு இதே 2^127 − 1 ஐத்தான் அடிப்படையாகக் கொண்டது. அங்கே பாதுகாப்பு ந − 1 ஐச் சார்ந்திருக்காது, வளைகோட்டின் மேல் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையைச் சார்ந்தது, அதில் 246 பிட் நீளமுள்ள ஒரு பகாக் காரணி இருக்கிறது. எண்ணை எடுத்துக்கொண்டது இருமம் சொன்ன மடிப்பு வேகத்துக்காக.


நிரல்வாசி:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை, நன்றி. கடைசியாக ஒன்று. 3 = 2^2 − 1, 7 = 2^3 − 1, 127 = 2^7 − 1, அப்புறம் 2^127 − 1. ஒவ்வொன்றும் முந்தையதை அடுக்காக வைத்துக் கிடைத்தது, எல்லாமே பகா எண். அப்படியானால் நம் 39 இலக்க எண்ணையே அடுக்காக வைத்தால் வருவதும் பகா எண்ணா? இப்போது இருக்கும் கணினிகளால் சோதிக்கலாமா?


மீதிகணக்கு:

லூகாஸின் முடிவு வந்த 1876இலேயே கத்தலான் இந்த வரிசையைப் பற்றி எழுதிவிட்டார். அடுத்ததும் பகா எண்ணா என்பது இன்றுவரை திறந்த கேள்வி. மெர்சென் பகா எண்ணை (2^ப − 1 வடிவப் பகா எண்ணை) அடுக்காக வைத்தால் எப்போதும் பகா எண் வரும் என்ற பொது விதி கிடையாது என்பது மட்டும் நிச்சயம். 2^13 − 1 = 8191 பகா எண், ஆனால் 2^8191 − 1 பகு எண் என்று வீலர் 1953இல் காட்டினார். ஆகவே நான்கு முறை பலித்ததை வைத்து ஐந்தாவதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சோதிப்பது நடக்காது. இன்று தெரிந்த மிகப்பெரிய பகா எண் 2^136279841 − 1. லூக் டியூரன்ட் 2024 அக்டோபரில் ஜிம்ப்ஸ் என்ற, தன்னார்வலர்கள் கணினிகளைச் சேர்த்து மெர்சென் பகா எண்களைத் தேடும் திட்டத்தின் மூலம் கண்டுபிடித்தது, 4,10,24,320 இலக்கங்கள், தெரிந்த மெர்சென் பகா எண்களில் 52 ஆவது. முதலில் வரைகலைச் செயலிகளில் 3 ஐ அடியாக வைத்த ஃபெர்மா சோதனை, அதில் தேறிய பிறகு லூகாஸ்–லெமர் சோதனை என்று உறுதி செய்தார்கள். நீங்கள் கேட்கும் எண்ணுக்கு இலக்கங்கள் மட்டுமே சுமார் 5 × 10^37. அதை எழுதி வைக்கவே உலகத்தில் நினைவகம் போதாது, அதன் மேல் 1.7 × 10^38 படிகள் ஓட வேண்டும்.

செய்யக்கூடியது ஒன்றுதான், காரணி தேடுவது. ஏதாவது காரணி இருந்தால் அது 2 × ம × (2^127 − 1) + 1 வடிவில்தான் இருக்கும். ஒரு ம வைச் சோதிக்க அந்தப் பிரம்மாண்ட எண்ணை எழுதத் தேவையில்லை, 2 ஐ 2^127 − 1 அடுக்குக்கு உயர்த்தி அந்தக் காரணியால் வகுத்த மீதியைப் பார்த்தால் போதும், 127 வர்க்கங்களில் வேலை முடிந்துவிடும். உங்கள் நான்கு வரி நிரலைக் கொஞ்சம் மாற்றினாலே ஓடும். சிறிய ம எல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே தேடி முடித்தவை, அவற்றில் காரணி எதுவும் அகப்படவில்லை, ஆகவே எங்கே விட்டார்கள் என்று பார்த்துவிட்டு அதற்கு மேலே தொடங்குங்கள்.